நிலக்கரி டீசலாவது எப்படி? எல்லாம் ஹைட்ரஜன் கணக்கு

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. இந்தியாவில் நிலக்கரிக்குக் குறைவில்லை. 2024-25 நிதியாண்டில் அதன் உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. கச்சா எண்ணெயோ தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போதே ஜெர்மனி நிலக்கரியிலிருந்து விமான பெட்ரோல் தயாரித்தது. தென்னாப்பிரிக்கா இன்றும் டீசல் தயாரிக்கிறது. நாம் மட்டும் ஏன் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம்?

கேள்வி நியாயமானது. அதற்கு வாட்ஸ்அப்பிலும் டீக்கடையிலும் கிடைக்கும் பதில்களைத்தான் ஏற்க முடியவில்லை. நிலக்கரியைச் சூடாக்கி உருக்கினால் எண்ணெய் வந்துவிடும், எண்ணெய் நாடுகளின் சதியால்தான் நாம் அதைச் செய்யாமல் இருக்கிறோம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அதெல்லாம் வெறும் கதை, நடக்காத காரியம் என்று மறுசாரார் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. நூறு ஆண்டுகளாக நடந்துவரும் தொழில் இது. ஆனால் அதற்குப் பெரிய விலை ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விலையின் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்ற ஒரே பொருளுக்காகக் கொடுக்கப்படுகிறது. இது புரிந்துவிட்டால் தொழில்நுட்பம், வரலாறு, செலவு, மாசு எல்லாம் ஒரே இழையில் கோத்ததுபோல் விளங்கும்.

நிலக்கரியில் இல்லாதது என்ன?

நெய்வேலிச் சுரங்கத்தில் வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரிக் கட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மண் நிறத்தில் இருக்கும்; சில துண்டுகளில் மரத்தின் நார்ப்போக்குகூடக் கண்ணுக்குத் தெரியும். எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். வெயிலில் போட்டால் வெடித்து உதிரும். ஜார்க்கண்டின் ஜாரியாவில் கிடைக்கும் கரி வேறு வகை. கறுத்து, கடினமாக, உடைத்த இடத்தில் பளபளக்கும். இரண்டும் பழங்காலத்துச் சதுப்பு நிலத் தாவரங்கள் மண்ணில் புதைந்து, அழுத்தத்திலும் வெப்பத்திலும் மாறியவைதான். ஜாரியாக் கரி அந்தப் பயணத்தில் நெடுந்தூரம் போய்விட்டது, நெய்வேலிக் கரி பாதி வழியில் நிற்கிறது.

இரண்டிலும் முதன்மையான பொருள் கார்பன். அதனோடு ஓரளவு ஹைட்ரஜன், ஆக்சிஜன், கொஞ்சம் கந்தகம், நைட்ரஜன். இவை போக, எரிந்தபின் எஞ்சும் மண்ணும் பாறைத்துகளும். அதைத்தான் சாம்பல் என்கிறோம்.

பெட்ரோலும் டீசலும் ஹைட்ரோகார்பன்கள். அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த மூலக்கூறுகள். இவற்றில் 100 கார்பன் அணுக்களுக்குச் சுமார் 200 ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கும். கறுப்பு நிலக்கரியில் அதே 100 கார்பனுக்கு 80 ஹைட்ரஜன் இருந்தாலே பெரிது. பழுப்பு நிலக்கரியில் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அதில் ஆக்சிஜனும் அதிகம் என்பதால், அந்தக் கூடுதல் ஹைட்ரஜனை ஆக்சிஜனே தண்ணீராக்கி எடுத்துக்கொண்டு போய்விடும். ஆக, நிலக்கரிக்கும் டீசலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்று கெட்டி, மற்றொன்று திரவம் என்பதோடு முடிவதில்லை. டீசலுக்கு வேண்டிய ஹைட்ரஜனில் பாதிகூட நிலக்கரியிடம் இல்லை.

வடிவத்திலும் வேறுபாடு உண்டு. டீசலில் பத்துப் பதினைந்து கார்பன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சிறு சங்கிலிகள் தனித்தனியாக மிதக்கின்றன. நிலக்கரியில் கார்பன் அணுக்கள் பெரும்பாலும் வளையங்களாகச் சேர்ந்து, அந்த வளையங்கள் தகடுகளாக அடுக்கப்பட்டு, தகடுகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளோடு ஒரே வலைப்பின்னலாக இருக்கின்றன. அதனால்தான் நிலக்கரியை உருக்கி எண்ணெயாக்க முடிவதில்லை. சூடு ஏறும்போது அது உருகி ஓடும் முன்பே உடையத் தொடங்குகிறது.

காற்றுப் படாமல் சூடாக்கினால்? எஃகு ஆலைகளின் கோக் அடுப்புகளில் அன்றாடம் நடப்பது அதுதான். நிலக்கரி உடைந்து வாயு வெளியேறும், கருந்தார் வெளியேறும், எஞ்சியது கோக்காக நிற்கும். தார் என்ற இந்தத் திரவம் 100 கிலோ கரிக்கு மூன்று நான்கு கிலோதான் கிடைக்கும். காரணம் எளிது. கரியில் இருந்த கொஞ்சநஞ்ச ஹைட்ரஜனை வாயுவும் தாரும் எடுத்துக்கொண்டன. மீதி முன்பைவிட வறண்ட கார்பனாகிவிட்டது. சூடு ஹைட்ரஜனை உண்டாக்காது, இருப்பதைப் பங்கு போடும், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நிலக்கரியை எரிபொருள் திரவமாக்க இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். வலைப்பின்னலை உடைக்க வேண்டும், ஹைட்ரஜனை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இரண்டு வழிகள்

தாத்தா காலத்து வீடு ஒன்று இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு வேறு அமைப்பில் வீடு வேண்டும். வேண்டாத சுவரை மட்டும் இடித்து, மற்றதை வைத்துக்கொண்டு, பூசி எடுக்கலாம். அல்லது அடியோடு இடித்து, செங்கல் செங்கலாகப் பிரித்து, அதே செங்கற்களைக் கொண்டு புது வரைபடப்படி கட்டலாம். முதல் வழியில் பழைய வீட்டின் சாயல் கடைசிவரை போகாது. இரண்டாவதில் நினைத்தபடி கட்டலாம், ஆனால் உழைப்பு அதிகம். எந்த வழியானாலும் சிமெண்ட் வேண்டும். கையில் காசில்லாத குடும்பம் செங்கல்லில் ஒரு பகுதியை விற்றுத்தான் சிமெண்ட் வாங்க முடியும்.

செங்கல் என்பது கார்பன், சிமெண்ட் என்பது ஹைட்ரஜன். வீட்டைத் திருத்திக் கட்டுவதற்கு நேரடித் திரவமாக்கல் என்று பெயர். இடித்துக் கட்டுவது மறைமுகத் திரவமாக்கல்.

நேரடி வழி: திருத்திக் கட்டுதல்

ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெடரிக் பெர்கியஸ் 1913-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நிலக்கரியை மாவாக அரைத்து, அதை எண்ணெயில் குழைத்துக் களியாக்க வேண்டும். அதைத் தடித்த எஃகுக் கலனுக்குள் செலுத்தி, வளிமண்டல அழுத்தத்தைப்போல் 200 மடங்கு, சில ஆலைகளில் அதற்கும் பல மடங்கு மேலான அழுத்தத்தில் ஹைட்ரஜனைப் புகுத்தி, 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாக்க வேண்டும்.

உள்ளே நடப்பதுதான் முக்கியம். சூட்டில் வலைப்பின்னலின் பிணைப்புகள் அறுகின்றன. அறுந்த முனைகள் சும்மா இருக்காது, பக்கத்தில் எது கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும். அருகில் இன்னொரு அறுந்த முனை இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு மறுபடி கோக்காகிவிடும். அதற்குள் ஹைட்ரஜன் வந்து அந்த முனையை மூடிவிட்டால், துண்டு துண்டாகவே நின்று எண்ணெயாகிவிடும். கரியைக் குழைத்த எண்ணெயும் தன்னிடமுள்ள ஹைட்ரஜனை அந்த முனைகளுக்குக் கொடுத்து உதவுகிறது. இந்தப் போட்டியில் ஹைட்ரஜன் முந்த வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை அழுத்தம். கூடவே இரும்புச் சேர்மம் போன்ற வினையூக்கி ஒன்றும் வேண்டும். வினையூக்கி என்பது வேதிவினையை விரைவாக்கிவிட்டுத் தான் செலவாகாமல் எஞ்சும் பொருள்.

இப்படிக் கிடைக்கும் எண்ணெயில் பழைய வீட்டின் சாயல் இருக்கும். கரியிலிருந்த வளையங்கள் பல அப்படியே வந்துவிடும். டீசல் எஞ்சினுக்கு அது ஏற்றதல்ல. பெட்ரோல் எஞ்சினுக்கு, குறிப்பாக அந்தக் காலத்துப் போர் விமான எஞ்சினுக்கு, வளையங்கள் நல்லவை.

1927-இல் ஜெர்மனியின் வேதித்தொழில் நிறுவனமான ஐ.ஜி. ஃபார்பென், அந்நாட்டின் லொய்னா நகரில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு பெரிய அளவில் இதைத் தொடங்கியது. 1931-இல் பெர்கியஸுக்கும் கார்ல் போஷுக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. போஷ் அமோனியா உரத் தொழிலை நிலைநிறுத்தியவர். உரத்துக்கும் பெட்ரோலுக்கும் என்ன தொடர்பு? உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைக் கசியாமல் கையாளும் கலை. அந்தக் கலன்களும் பம்புகளும் உரத் தொழிலில் பிறந்து, எரிபொருள் தொழிலுக்கு வந்தவை.

இன்று வணிக அளவில் நடக்கும் பெரிய நேரடித் திரவமாக்கல் ஆலை சீனாவின் உள்மங்கோலியாவில் ஓர்டோஸ் அருகே இருக்கிறது. 2008 இறுதியில் இயங்கத் தொடங்கிய அதன் திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன். அதற்கு வேண்டிய ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? வேறு நிலக்கரியை வாயுவாக்கித்தான் எடுக்கிறார்கள். நேரடி வழிக்கும் அடுத்து வரும் வழியின் முதல் பாதி தேவைப்படுகிறது.

மறைமுக வழி: இடித்துக் கட்டுதல்

1925-26 வாக்கில், ரூர் நிலக்கரிப் பகுதியிலுள்ள மூல்ஹைம் நகரின் கைசர் வில்ஹெல்ம் நிலக்கரி ஆய்வு நிறுவனத்தில் ஃபிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் டிரோப்ஷும் இந்த வழியைக் கண்டனர். அவர்கள் பெயராலேயே இதன் முக்கியப் படி ஃபிஷர்-டிரோப்ஷ் வினை எனப்படுகிறது. இன்று இதை மிகப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் தென்னாப்பிரிக்காவின் செகுண்டாவுக்குப் போக வேண்டும். சாசோல் நிறுவனத்தின் ஆலை அங்கே நாளொன்றுக்குச் சுமார் 1,50,000 பீப்பாய் எரிபொருளும் வேதிப்பொருளும் தரும் அளவுக்குக் கட்டப்பட்டது.

செகுண்டாவில் கரியை இடிக்கும் கலன்கள் 80-க்கும் மேல். உயரமான எஃகு உருளை ஒவ்வொன்றும். மேலே இரட்டைக் கதவு கொண்ட அறை வழியாகக் கரிக்கட்டிகள் இறங்கும். உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் ஒரு கதவு மூடிய பிறகே அடுத்தது திறக்கும். கீழே சுழலும் தட்டிக்கு அடியிலிருந்து நீராவியும் தூய ஆக்சிஜனும் ஏறும். கரி இறங்க, வாயு ஏற, இரண்டும் எதிரெதிரே சந்திக்கின்றன. மேல்பகுதியில் கரி காய்கிறது. சற்றுக் கீழே உடைந்து தாரைக் கக்குகிறது. அதற்கும் கீழே, எஞ்சிய கார்பன் நீராவியோடு வினைபுரிகிறது. எல்லாவற்றுக்கும் அடியில், கடைசிக் கார்பன் ஆக்சிஜனில் எரிந்து, மேலே நடக்கும் எல்லா வேலைக்குமான சூட்டைத் தருகிறது. சாம்பல் தட்டி வழியாகக் கீழே விழுகிறது. பொடிக்கரி இந்தக் கலனுக்கு ஆகாது, வாயு ஏற இடைவெளி இல்லாமல் அடைத்துவிடும். அதனால் பொடியைக் கொதிகலனில் எரித்து நீராவி ஆக்குகிறார்கள்.

கார்பனும் நீராவியும் வினைபுரிவது என்றால் என்ன? தண்ணீரில் ஹைட்ரஜன் ஏராளம், ஆனால் ஆக்சிஜன் அதை இறுகப் பிடித்திருக்கிறது. அந்த ஆக்சிஜனுக்கு வேறு துணை காட்டினால்தான் ஹைட்ரஜனை விடும். ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் கார்பன் அந்தத் துணையாகிறது. ஆக்சிஜன் கார்பனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகிறது, ஹைட்ரஜன் விடுபடுகிறது. இந்த இடிப்புக்கு வாயுவாக்கம் என்று பெயர். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த விளைபொருளைத் தொகுப்பு வாயு என்கிறார்கள். வீடு இடிந்து செங்கல்லாகிவிட்டது. இந்த வாயுவைப் பார்த்து அது ஜாரியாக் கரியிலிருந்து வந்ததா, நெய்வேலிக் கரியிலிருந்து வந்ததா, மரத்தூளிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது சுத்தம் செய்தல். கரியிலிருந்த கந்தகம் வாயுவில் கலந்து வருகிறது. அது மிகச் சிறிதளவு மிஞ்சினாலும் வினையூக்கியின் மேல் ஒட்டி அதைச் செயலற்றதாக்கிவிடும். எனவே உறைநிலைக்குக் கீழே குளிர்வித்த மெத்தனாலில் வாயுவைக் கழுவுகிறார்கள். கந்தகமும் கார்பன் டை ஆக்சைடும் அதில் கரைந்து பிரிந்துவிடும்.

இனி, புது வீடு. சுத்தமான தொகுப்பு வாயு 200 முதல் 350 டிகிரி சூட்டில் இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கியின் மேல் பாய்கிறது. கார்பன் மோனாக்சைடு அந்த உலோகப் பரப்பில் ஒட்டி ஆக்சிஜனை இழக்கிறது; அந்த ஆக்சிஜன் பெரும்பாலும் ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடுகிறது. எஞ்சிய கார்பனில் ஹைட்ரஜன் ஏறுகிறது. இப்படி உருவான சிறு அலகு, பக்கத்தில் இருக்கும் இன்னொன்றோடு இணைகிறது, பிறகு மூன்றாவது. ஒவ்வொரு படியிலும் சங்கிலி மேலும் நீளலாம், அல்லது அத்தோடு முடிந்து பரப்பை விட்டு விலகலாம். எது நடக்கும் என்பது வாய்ப்பைப் பொறுத்தது. அதனால் ஒரே அளவுச் சங்கிலி ஒருபோதும் வராது. மீத்தேன் முதல் மெழுகுவரை எல்லாம் கலந்தே வரும். வெப்பத்தைக் குறைத்தால் நீண்ட சங்கிலிகள் கூடும், அதாவது மெழுகும் டீசலும். வெப்பத்தைக் கூட்டினால் குறுஞ்சங்கிலிகள் கூடும், அதாவது பெட்ரோலும் பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருளும். மெழுகைப் பின்னர் உடைத்து டீசலாக்கிக்கொள்ளலாம்.

கந்தகத்தை முன்கூட்டியே நீக்கிவிட்டதால் இந்த டீசலில் கந்தகம் இல்லை. நேரான சங்கிலிகள் என்பதால் எஞ்சினில் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். எரிபொருளாக மட்டும் பார்த்தால் கச்சா எண்ணெயிலிருந்து வரும் டீசலைவிடத் தரமானது. "நிலக்கரி டீசல் தூய்மையானது" என்ற பேச்சுக்கு மூலம் இதுதான். வண்டியின் புகைக்குழாயைப் பொறுத்தவரை அது உண்மை. ஆலையின் கதை வேறு, அதற்கு இப்போது வருவோம்.

ஆக மறைமுக வழியின் வரிசை இது: கரியும் நீராவியும் ஆக்சிஜனும் சேர்ந்து தொகுப்பு வாயு, அதைச் சுத்தம் செய்தல், வினையூக்கியின் மேல் கார்பன் சங்கிலி கோத்தல், கடைசியில் சுத்திகரிப்பு.

மூன்று கார்பனில் ஒன்று புகையாகிறது

மேலே ஒரு படியைத் தள்ளிவைத்தேன். மொத்த விஷயமும் அங்கேதான் இருக்கிறது என்பதால் அதைத் தனியாகப் பார்ப்போம்.

கரியையும் நீராவியையும் வைத்துத் தொகுப்பு வாயு செய்தால், ஒரு கார்பன் மோனாக்சைடுக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு கிடைக்கும். டீசல் சங்கிலியில் ஓர் அலகைக் கோக்கவோ ஒரு கார்பன் மோனாக்சைடுக்கு இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு வேண்டும். பாதி குறைகிறது. குறைந்ததை எப்படி ஈடுகட்டுவது? கார்பன் மோனாக்சைடில் ஒரு பகுதியை மறுபடி நீராவியோடு வினைபுரிய விடுகிறார்கள். அது தண்ணீரிலிருந்து இன்னும் ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கிக் கார்பன் டை ஆக்சைடாகிறது, ஹைட்ரஜன் கூடுதலாகக் கிடைக்கிறது. இதுதான் நீர்வாயு மாற்றம். செங்கல்லை விற்றுச் சிமெண்ட் வாங்கும் இடம்.

தாளில் போட்டுப் பார்க்கலாம். மூன்று கார்பன் அணுவில் தொடங்குங்கள். வாயுவாக்கினால் மூன்று கார்பன் மோனாக்சைடும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறும். ஒரு கார்பன் மோனாக்சைடை மாற்றத்துக்கு விடுங்கள். இப்போது கையில் இரண்டு கார்பன் மோனாக்சைடு, நான்கு ஹைட்ரஜன், ஒரு கார்பன் டை ஆக்சைடு. ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்குச் சரியாகிவிட்டது. இரண்டு கார்பன் டீசலுக்குள் போகிறது, ஒன்று காற்றுக்குப் போகிறது.

எந்தப் பொறியாளராலும் இதை முழுவதும் தவிர்க்க முடியாது. கரியிலேயே இருக்கும் ஹைட்ரஜன் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் வாயுவாக்கத்துக்கான சூட்டுக்கு, ஆக்சிஜனைக் காற்றிலிருந்து பிரிக்கும் இயந்திரங்களுக்கு, நீராவிக்கு, மின்சாரத்துக்கு என்று தனியாகவும் கரி எரிகிறது. எல்லாம் சேர்ந்து, உள்ளே போகும் கார்பனில் பாதிக்கும் மேல் ஆலையிலேயே கார்பன் டை ஆக்சைடாகிவிடுகிறது. கரியிலிருந்த ஆற்றலில் ஏறக்குறையப் பாதிதான் எரிபொருளாக வெளிவருகிறது. ஒரு டன் நல்ல கரிக்கு 2 பீப்பாய், அதாவது 300 லிட்டரை ஒட்டிக் கிடைக்கும். அந்த 300 லிட்டரும் பிறகு வண்டியில் எரிந்து தன் பங்குக்குக் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும்.

செகுண்டா ஆலை ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கும் மேல் பசுங்குடில் வாயுக்களை வெளியிடுகிறது. உலகில் ஒரே இடத்திலிருந்து இவ்வளவு வெளியிடும் ஆலை வேறில்லை என்று அது தொடர்ந்து சுட்டிக்காட்டப்படுகிறது. நிர்வாகத்தின் அலட்சியம் என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. அந்தப் புகையில் பெரும்பகுதி ஹைட்ரஜனுக்காகவும் சூட்டுக்காகவும் விற்ற செங்கல்.

யார், எப்போது இந்த விலையைக் கொடுத்தார்கள்?

இவ்வளவு இழப்பு தெரிந்தும் இதைச் செய்தவர்கள் யார் என்று பார்த்தால், எண்ணெய் கிடைக்காமல் போய்விடும் என்று அஞ்சிய அரசுகள்தான். சந்தை தானாகத் தேடிப் போன தொழில் அல்ல இது.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இன் டிசம்பரிலேயே, லொய்னாவின் செயற்கைப் பெட்ரோலுக்கு விலை உத்தரவாதம் தரும் ஒப்பந்தம் ஐ.ஜி. ஃபார்பெனுடன் கையெழுத்தானது. இறக்குமதி எண்ணெய் அதைவிடப் பல மடங்கு மலிவு. ஆனால் போருக்கு ஆயத்தமாகும் அரசுக்கு விலை பொருட்டல்ல. 1944 தொடக்கத்தில் 25 ஆலைகள் நாளொன்றுக்குச் சுமார் 1,24,000 பீப்பாய் தந்தன. விமான பெட்ரோலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இவற்றிலிருந்தே வந்தது. நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாம் அருகே மோனோவிட்ஸில் செயற்கை ரப்பரும் எரிபொருளும் தயாரிப்பதற்காக ஐ.ஜி. ஃபார்பென் கட்டிய வளாகத்தில் முகாம் கைதிகளைக் கட்டாய வேலை வாங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். ஜெர்மனியின் தொழில்நுட்பச் சாதனை என்று இதைப் பெருமையோடு பகிர்கிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. 1944 மே 12 அன்று அமெரிக்க விமானப்படை லொய்னா உள்ளிட்ட ஆலைகளைக் குறிவைத்துத் தாக்கத் தொடங்கியது. சில மாதங்களில் விமான பெட்ரோல் வரத்து ஏறக்குறைய வறண்டுபோனது. இவ்வளவு பெரிய, அசையாத, அழுத்தக் கலன்கள் நிறைந்த ஆலை குண்டுக்கு எளிய இலக்கு.

தென்னாப்பிரிக்காவில் கரி உண்டு, எண்ணெய்க் கிணறு சொல்லும்படி இல்லை. 1950-இல் அரசு சாசோலைத் தொடங்கியது. 1955-இல் சாசோல்பர்கில் எரிபொருள் வந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்த பிறகு அதைவிடப் பல மடங்கு பெரிய ஆலையை செகுண்டாவில் கட்ட முடிவானது. நிறவெறி ஆட்சிக்கு எண்ணெய் தந்துகொண்டிருந்த ஈரானில் 1979-இல் மன்னராட்சி வீழ்ந்ததும் அந்த வரத்தும் நின்றது. உடனே அதே அச்சில் மூன்றாவது ஆலையும் அறிவிக்கப்பட்டது. இவை 1980-லும் 1982-லும் இயங்கத் தொடங்கின. இதற்கான பணத்தில் ஒரு பகுதி, மக்கள் பெட்ரோல் போடும்போது செலுத்திய தனி வரியிலிருந்து வந்தது. ஆலை எதற்காக நிற்கிறது என்பது விடுதலைப் போராளிகளுக்கும் தெரிந்திருந்தது. 1980 ஜூன் தொடக்கத்தில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் ஆயுதப் பிரிவு சாசோல் எண்ணெய்த் தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்தது.

சீனாவின் கணக்கு வேறு. இறக்குமதி எண்ணெய்க் கப்பல்கள் கடந்து வரும் கடல்வழிகளை யாரேனும் அடைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை. 2016 இறுதியில் நிங்சியா பகுதியில் ஆண்டுக்கு 40 லட்சம் டன் திறனுள்ள மறைமுகத் திரவமாக்கல் ஆலை இயங்கத் தொடங்கியது. அந்தப் பகுதி வறண்ட நிலம். வினைக்கும் குளிர்விப்புக்கும் தண்ணீர் கேட்கும் தொழில் அங்கே மஞ்சள் ஆற்றை நம்பி நிற்கிறது.

வாயுவாக்கம் என்றதும் பெட்ரோல் அல்ல

இந்தியச் செய்திகளைப் படிக்கும்போது பலர் தடுமாறுவது இங்கேதான். 2030-க்குள் 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவது மத்திய அரசின் இலக்கு. 2024 ஜனவரியில் இதற்கு 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. உடனே "நிலக்கரியிலிருந்து பெட்ரோல் வரப்போகிறது" என்று பேச்சுப் பரவியது. வாயுவாக்கம் முதல் பாதி மட்டுமே. அந்தத் தொகுப்பு வாயுவைக் கொண்டு யூரியா செய்யலாம், மெத்தனால் செய்யலாம், இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனை நீக்கலாம், குழாயில் அனுப்பும் எரிவாயுவாக்கலாம். இந்தியாவில் முன்வைக்கப்படும் திட்டங்களில் பெரும்பாலானவை இவைதான். நீண்ட சங்கிலி கோத்து டீசலாக்குவது இருப்பதிலேயே செலவு மிகுந்த முடிவு.

எல்.என்.ஜி., எல்.பி.ஜி. ஆகியவற்றோடும் இதைக் குழப்பிக்கொள்வதுண்டு. அவற்றில் எரிவாயுவைக் குளிர்வித்தோ அழுத்தியோ திரவமாக்குகிறார்கள். மூலக்கூறு மாறுவதில்லை, அழுத்தத்தை விட்டால் மறுபடி வாயுதான். நிலக்கரித் திரவமாக்கலில் மூலக்கூறே புதிது.

இந்தியக் கரியின் சிக்கல் சாம்பல். நம் கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம்வரை. அதாவது ஒவ்வொரு மூன்று லாரியிலும் ஏறத்தாழ ஒரு லாரி பாறைத்துகள். அது எரிபொருளாகாது, ஆனால் அதையும் ஆயிரம் டிகிரிக்குச் சூடேற்றியாக வேண்டும். சாம்பலை உருக்கிக் குழம்பாக வெளியேற்றும் நவீனக் கலன்களில் இந்தச் சுமை இன்னும் கூடும், ஆக்சிஜனும் அதிகம் செலவாகும். ஒடிசாவின் தால்செரிலும் தெலங்கானாவின் ராமகுண்டத்திலும் 1980-களில் நிலக்கரியை வாயுவாக்கி உரம் தயாரித்தார்கள். இரண்டும் தொல்லைகளோடு ஓடி, 1990-களின் இறுதியில் நின்றன. பிறகு ராமகுண்டம் இயற்கை எரிவாயுவுக்கு மாறிப் புத்துயிர் பெற்றது. தால்செரில் மறுபடி நிலக்கரி உர ஆலை எழுகிறது. அங்கே சாம்பல் விகிதத்தைக் குறைக்கக் கரியோடு பெட்ரோலியக் கோக்கைக் கலப்பதாகத் திட்டம். அந்தக் கோக் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வருவது.

நெய்வேலிக் கரியில் சாம்பல் குறைவு, ஈரம் அதிகம். வாயுவாக்கத்துக்கு அது புதிதும் அல்ல. ஒரு காலத்தில் அங்கே பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா தயாரித்தார்கள். இப்போது மெத்தனால் தயாரிக்கும் திட்டம் பேசப்படுகிறது. மெத்தனால் என்பது ஒரே ஒரு கார்பன் கொண்ட எளிய ஆல்கஹால். சங்கிலி கோக்க வேண்டியதில்லை என்பதால் டீசலைவிடச் சுலபம். சீனாவில் மெத்தனாலின் பெரும்பகுதி கரியிலிருந்தே வருகிறது. ஆனால் ஒரு லிட்டர் மெத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலின் ஆற்றலில் பாதிதான் உண்டு. அதை மறந்துவிட்டு இரண்டின் லிட்டர் விலையையும் ஒப்பிடுவது தவறு.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியா நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய்க்கு மேல் எண்ணெய்ப் பொருட்களைச் செலவிடுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கரியிலிருந்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 2 பீப்பாய் என்ற தாராளக் கணக்கில் பார்த்தாலே ஆண்டுக்கு 9 கோடி டன் நல்ல கரி வேண்டும். சாம்பல் மிகுந்த நம் கரியானால் இன்னும் பல கோடி டன் கூடும். 2030 இலக்கு முழுவதையும் அப்படியே அதற்குக் கொடுத்தாலும் போதாது.

ஹைட்ரஜனை வெளியிலிருந்து கொடுத்தால்?

கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துப் பூமிக்கடியில் அனுப்பலாமே என்று கேட்பார்கள். இந்தத் தொழிலில் அதற்கு ஒரு வசதி உண்டு. வாயுவைக் கழுவும்போதே கார்பன் டை ஆக்சைடு தனியாகப் பிரிந்துவிடுவதால், அனல்மின் நிலையப் புகையிலிருந்து பிடிப்பதைவிட எளிது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் கரியைக் குழாய் எரிவாயுவாக்கும் ஆலை ஒன்று 2000-ஆம் ஆண்டு முதல் அதைக் குழாய் வழியாகக் கனடாவின் வேபர்ன் எண்ணெய்வயலுக்கு அனுப்பிவருகிறது. ஆனால் திரவ எரிபொருள் செய்தால், ஆலைப் புகையை மட்டுமே இப்படிப் பிடிக்கலாம். லாரியின் புகையைப் பிடிக்க வழியில்லை.

இன்னொரு யோசனை, செங்கல்லை விற்காமல் சிமெண்ட்டை வெளியிலிருந்து கொண்டுவருவது. சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்துத் தொகுப்பு வாயுவில் கலந்தால், நீர்வாயு மாற்றம் தேவைப்படாது. மூன்று கார்பனும் எரிபொருளுக்குள் போகும். வேதியியல்படி இது முற்றிலும் சரி. அப்படி மலிவான ஹைட்ரஜன் கைக்கு வந்துவிட்டால் நிலக்கரியே எதற்கு என்ற கேள்வியும் உடன் வரும். ஃபிஷர்-டிரோப்ஷ் வினைக்குக் கார்பன் எங்கிருந்து வந்தது என்பது பொருட்டல்ல. கத்தாரில் 2011 முதல் பேர்ல் ஆலை இயற்கை எரிவாயுவிலிருந்து நாளொன்றுக்கு 1,40,000 பீப்பாய் திரவங்களை இதே வினையால் தருகிறது. சாசோலின் பழைய சாசோல்பர்க் ஆலையே 2004 முதல் கரியை விட்டு மொசாம்பிக்கிலிருந்து குழாயில் வரும் எரிவாயுவுக்கு மாறிவிட்டது. எரிவாயுவின் முக்கியப் பொருளான மீத்தேனில் ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன் அணு இருக்கிறது. அங்கே ஹைட்ரஜனுக்காகக் கார்பனை விற்க வேண்டிய தேவையே எழவில்லை.